காலிமுகத்தில் நம் பழைய சண்டை

மச்சான் குமரன்,

சுகமாய் இருப்பாய். இங்கே எல்லோரும் சுகம். மழை பிந்திவிட்டது, இரணைமடுக் குளத்தில் தண்ணீர் குறைவு, அதுதான் ஊர்க் கதை. சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் பழைய சண்டைதான்: முதல் அடி விழுந்தது மலையகத் தமிழரான எங்களுக்கா, வடக்குத் தமிழரான உங்களுக்கா என்று.

மகளின் நேர்முகத் தேர்வுக்காகக் கொழும்பு போனேன். அவளை உள்ளே விட்டுவிட்டு நேரே காலிமுகத்திடலுக்கு நடந்தேன். பழைய பாராளுமன்றம், இப்போது ஜனாதிபதி செயலகம். 1930இல் திறந்தது. கடலைப் பார்த்தபடி வரிசையாகப் பெரிய தூண்கள். அழகுதான், பொய் சொல்லக்கூடாது.

ஆனால் எனக்கு அப்பாயியின் ஞாபகம் வந்துவிட்டது. 1948இல் இதற்குள் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறியபோது அவள் ஹட்டன் பக்கம் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். அதோடு நாடில்லாதவள். 1977 இனக் கலவரத்தில் தோட்டத்து லயன் வீட்டை விட்டு ஓடி, கிளிநொச்சியில் காடு வெட்டி, கச்சான் போட்டு, உங்கள் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் அள்ளியவள். எஞ்சியவர்களுக்கும் குடியுரிமை தரும் சட்டம் 2003இல் வந்தபோது ஆள் இல்லை.

உடனே நீ 1956 என்பாய், தெரியும். உன் புல்வெளியையும் பார்த்தேனடா. அந்த வருஷம் ஜூன் 5ஆம் திகதி உள்ளே, சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கும் தனிச் சிங்களச் சட்ட மசோதா; வெளியே புல்வெளியில், தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகத்தோடு சத்தியாக்கிரகம் இருந்தவர்களுக்கு அடி. அக்கட்சி எம்.பி. அமிர்தலிங்கம் காயம்பட்ட தலையோடு சபைக்குள் போனார். இப்போது அங்கே பட்டம் விடுகிறார்கள், இறால் வடை பொரிகிறது. 2022இல் ஜனாதிபதி கோட்டாபயவை விலகச் சொன்ன போராட்டத்தில், மே 18 அன்று, அதே திடலில், போரின் கடைசியில் செத்த தமிழர் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்தார்கள், சிங்களவரும் வாங்கிக் குடித்தார்கள். அதை மட்டும் நீ நம்பமாட்டாய்.

இருந்தாலும் முதல் அடி எங்களுக்குத்தான். எட்டு வருஷம் முந்தி. அப்போது எங்களுக்காக வாய் திறந்த உங்கள் ஆட்கள் எத்தனை பேர்? வவுனியா எம்.பி. சுந்தரலிங்கம் அந்தப் பிரச்சினையில் மந்திரிப் பதவியையே விட்டார், ஒப்புக்கொள்கிறேன். கணக்குப் பேராசிரியர் அல்லவா, உன்னைப் போல் கூட்டல் பிழைக்காது.

மகள் கேட்டிருப்பது ஒரு அமைச்சில் வேலை. அப்பாயியை ஆளாகவே எண்ணாத அரசாங்கத்தில் அவளின் கொள்ளுப்பேத்தி கோப்பு தூக்கப் போகிறாள். சந்தோஷப்படுவதா, பயப்படுவதா என்று எனக்கே பிடிபடவில்லை. மகளுக்கோ சம்பளம்தான் கவலை.

கிடைத்தால் தங்க இடம் வேண்டும். உன் மச்சாள் இன்னும் வெள்ளவத்தையில்தானா? கேட்டு எழுது. மிச்சச் சண்டையை நீ வரும்போது வைத்துக்கொள்வோம்.

அன்புடன்,
செல்வம்