மலப் பரிசோதனை: டப்பாவின் மேல் நேரம் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வயிற்றுப்போக்கு நாலைந்து நாளாக நிற்கவில்லை என்றால் டாக்டர் 'மோஷன் டெஸ்ட்' எழுதித் தருகிறார். காலை ஆறு மணிக்கு எடுத்த மலம் ஆய்வகத்துக்கு வந்து சேரும்போது பத்து மணி ஆகிவிடுகிறது. ஸ்லைடு போடுவதற்குள் இன்னும் ஒரு மணி நேரம். 'கிருமி எதுவும் இல்லை' என்று நாங்கள் எழுதிக் கொடுக்கும் ரிப்போர்ட்டுகளில் எத்தனை இந்தத் தாமதத்தால் வந்தவையோ என்ற கவலை ஆய்வகத்தில் வேலை பார்க்கும் எங்களுக்கு எப்போதும் உண்டு.

தண்ணீராகப் போகும் மலத்தில் அமீபா என்ற ஒருசெல் கிருமி ஊர்ந்து நகரும் நிலையில் இருக்கும். வெளியேறி அரை மணி நேரத்துக்குள் பார்த்தால்தான் அந்த நகர்வு தெரியும். நகர்வு நின்றுவிட்டால் அமீபாவையும் குடலிலிருந்து வரும் பெரிய வெள்ளணுக்களையும் பிரித்தறிவது அனுபவம் உள்ளவர்களுக்கே சிரமம். இந்த மலத்தை ஃபிரிட்ஜிலும் வைக்கக் கூடாது, குளிரில் அமீபா அடங்கிவிடும். கூழாக இருந்தால் ஒரு மணி நேரம் வரை பொறுக்கலாம். கெட்டி மலத்தில் சிஸ்ட்டும் (கூடு கட்டி அடங்கிக் கிடக்கும் அமீபா) புழு முட்டையும்தான் தேடுகிறோம் என்பதால், ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு நாள் தாங்கும்.

எடுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். முதலில் சிறுநீர் கழித்துவிட வேண்டும், ஏனென்றால் சிறுநீர் பட்டால் அமீபா செத்துவிடும். கழிப்பறைத் தண்ணீரும் படக் கூடாது. பிளாஸ்டிக் தாளை விரித்து அதன்மேல் போய், சளியோ ரத்தமோ தெரியும் இடத்திலிருந்து எடுங்கள். கெட்டியாக இருந்தால் ஒரு பெரிய நெல்லிக்காய் அளவு, நீராக இருந்தால் 5 முதல் 10 மில்லி போதும். வாயகன்ற, திருகுமூடி போட்ட, உலர்ந்த டப்பாவாக இருக்கட்டும். கிருமிநாசினி ஊற்றிக் கழுவிய டப்பா வேண்டாம், மிச்சமிருக்கும் மருந்து நாம் தேடுவதையே கொன்றுவிடும்.

ஆய்வகத்தில் ஒரே ஸ்லைடில் இரண்டு சொட்டு வைக்கிறோம், ஒன்று சலைன் (உப்புநீர்), மற்றது அயோடின். இரண்டிலும் சுமார் 2 மில்லிகிராம் மலத்தைக் கரைத்து கவர் ஸ்லிப் போடுகிறோம். ஸ்லைடுக்கு அடியில் செய்தித்தாளை வைத்தால் எழுத்து படிக்கக் கூடியதாக இருக்க வேண்டும், அதைவிடத் தடித்தால் எதுவும் தெரியாது. நகர்வைப் பார்க்க சலைன், சிஸ்ட்டுக்குள் இருக்கும் நியூக்ளியஸை (உட்கருவை) எண்ண அயோடின். அவசரத்தில் ஒரே சொட்டோடு முடித்தால் பாதிப் பரிசோதனைதான்.

அடுத்து, ரிப்போர்ட்டைப் படிக்கும் விதம். நான்கு நியூக்ளியஸ் கொண்ட சிஸ்ட் தெரிந்தால் அது நோய் தரும் எண்டமீபா ஹிஸ்டாலிட்டிகாவாக இருக்கலாம், தீங்கில்லாத எண்டமீபா டிஸ்பாராகவும் இருக்கலாம். மைக்ராஸ்கோப்பில் இரண்டும் ஒரே மாதிரிதான். நகரும் அமீபாவின் வயிற்றில் சிவப்பணு தெரிந்தால் சந்தேகம் வலுக்கும். ஆன்டிஜென் (கிருமியின் புரதத்தைத் தேடுவது) அல்லது பிசிஆர் (அதன் மரபணுவைத் தேடுவது) பரிசோதனைதான் பிரித்துச் சொல்லும். எனவே இரண்டு பெயரையும் சேர்த்து எழுதுவதே நேர்மையான ரிப்போர்ட். ஆனால் 'சிஸ்ட்' என்ற சொல்லைப் பார்த்ததும் மெட்ரோனிடசோல் வாங்கி விழுங்குவது இங்கே வழக்கமாகிவிட்டது. அந்த மருந்து குடல் சுவருக்குள் போன அமீபாவுக்கு நன்றாக வேலை செய்யும், குடலுக்குள் கிடக்கும் சிஸ்ட்டை நம்பகமாக அழிக்காது. அதற்கு டைலாக்சனைடு, பாரோமோமைசின் போன்ற வேறு மருந்துகள் இருக்கின்றன. 'மறுபடியும் சிஸ்ட் வந்திருக்கு' என்று மெட்ரோனிடசோலையே திரும்பத் திரும்பத் தின்பவர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது.

ரத்தமும் சளியும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) அவசியம், அதுவும் முதல் ஆன்டிபயாடிக் மாத்திரை போடுவதற்கு முன்பே. ரத்தபேதி தரும் ஷிகெல்லா மிக மென்மையான கிருமி. மலம் புளிக்கப் புளிக்கச் செத்துவிடும். இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குக் கொண்டுவர முடியாவிட்டால் கேரி-பிளேர் ஊடகத்தில் (வழியில் கிருமி சாகாமல் காக்கும் குழாயில்) போட்டு அனுப்ப வேண்டும். கிராமப்புற மருத்துவமனைகளில் இந்தக் குழாய்கள் எப்போதும் இருப்பில் இருப்பது நல்லது.

தாமதம் புழு விஷயத்திலும் ஏமாற்றும். புதிய மலத்தில் கொக்கிப்புழுவின் முட்டைதான் தெரியும். வெதுவெதுப்பான இடத்தில் ஒரு நாள் போலக் கிடந்தால் முட்டை பொரிந்து இளம்புழு வெளிவரும். ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற புழுவோ புதிய மலத்திலேயே இளம்புழுவாகத்தான் இருக்கும். வாய்க்குழியின் நீளத்தைப் பார்த்துத்தான் இரண்டையும் பிரிக்க வேண்டும். தப்பினால் சிகிச்சையும் தப்பும்: கொக்கிப்புழுவுக்கு 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் ஒரு வேளை போதும், ஸ்ட்ராங்கிலாய்டஸுக்கு உடல் எடைக் கணக்கில் ஐவர்மெக்டின் தேவை. இந்தப் புழு இருப்பது தெரியாமல் ஸ்டீராய்டு தொடங்கினால் அது உடலெங்கும் பரவி உயிரையே எடுத்துவிடலாம். நீண்டநாள் ஸ்டீராய்டு எழுதும் டாக்டர்கள் அதற்கு முன் இதைத் தேடச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள்.

ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி தினமும் மலத்தில் வராது. பத்து நாளுக்குள் ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று முறை பார்க்காமல் 'இல்லை' என்று முடிவு கட்டக் கூடாது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற இன்னொரு ஒட்டுண்ணி சாதாரண ஸ்லைடில் எளிதில் தெரியாது, தனிச் சாயம் வேண்டும். எச்ஐவி உள்ளவர், உறுப்பு மாற்று செய்துகொண்டவர் என்பது டாக்டர் சீட்டில் இருந்தால் நாங்களே அந்தச் சாயத்தைப் போட்டுவிடுவோம்.

சாதாரண நீர்ப்போக்கு இரண்டு மூன்று நாளில் தானே அடங்கும். அதற்கு ஓஆர்எஸ் கரைசலும், குழந்தையானால் ஜிங்க்கும்தான் முக்கியம், டெஸ்ட் தேவைப்படாது.

தேவைப்படும்போது சீட்டில் டாக்டர் இவற்றை எழுதட்டும்: எதைச் சந்தேகிக்கிறார், ஆன்டிபயாடிக் கொடுத்தாயிற்றா, ஸ்டீராய்டு உண்டா. டப்பாவின் மேல் மலம் வெளியேறிய நேரத்தை நோயாளி எழுதட்டும். அந்த நேரத்தை ஆய்வகம் ரிப்போர்ட்டிலும் அச்சிட வேண்டும். தாமதமாக வந்த நீர்மலத்தை வாங்கிப் பார்த்து 'இல்லை' என்று எழுதுவதைவிட, புதிய மாதிரி கேட்டுத் திருப்பி அனுப்புவதே நோயாளிக்குச் செய்யும் உதவி.

இப்படிக்கு,
நுண்ணுயிரியல் ஆய்வக ஊழியர்கள்,
மதுரை.