பாப்பாவுக்கு, அந்த சர்ச் லைட்டை வாங்கும் முன்

காட்பாடி
கார்த்திகை 12

அன்புள்ள பாப்பா,

தூரத்துக்கு அடிக்கிற டார்ச் என்று நீ அனுப்பிய சர்ச் லைட் படத்தைப் பார்த்தேன். பெட்டியின் மேல் ஒரு லட்சம் லூமன் (டார்ச் வெளிவிடுகிற மொத்த வெளிச்சத்தின் அளவு) என்று போட்டிருக்கிறது, உள்ளே இரண்டே இரண்டு 18650 செல், விரல் பருமன் லித்தியம் செல். இது நடக்காத காரியம், கணக்குப் போட்டுப் பார். நல்ல எல்.இ.டி. ஒரு வாட்டுக்கு 100 முதல் 150 லூமன் தரும். லட்சம் லூமனுக்குக் குறைந்தது 650 வாட் வேண்டும். அம்மா மாவு அரைக்கிற மிக்ஸி இழுக்கிற அளவு அது. ஒரு 18650 செல்லில் நல்ல கம்பெனிச் சரக்கே 3,500 மில்லி ஆம்பியர் மணிதான், அதாவது சுமார் 12.6 வாட் மணி. இரண்டும் சேர்ந்து 25 வாட் மணி. இரண்டரை நிமிடம்கூட வராது, அதற்கு முன்னாலேயே செல் கொதித்துப் போகும். செல்லின் மேல் 9,900 என்று அச்சடித்திருந்தால் கையாலும் தொடாதே. தராசில் வைத்துப் பார்: அசல் செல் 45 கிராமை ஒட்டி நிற்கும், போலி 30 கிராமுக்கே நின்றுவிடும்.

லட்சம் லூமன் டார்ச்சே கிடையாது என்று சொல்லவில்லை. இமாலென்ட் எம்.எஸ்.18 இருக்கிறது: 18 எல்.இ.டி., 18650-ஐவிடக் கொஞ்சம் பெரிய எட்டு 21700 செல், சூட்டை வெளியே தள்ள விசிறி. அதுவும் முழு வெளிச்சத்தில் கொஞ்ச நேரம்தான் நிற்கும், பிறகு தானாக இறங்கிவிடும். அதன் எட்டம், அதாவது வெளிச்சம் எட்டுகிற தூரம், 1,350 மீட்டர். அதில் பத்தில் ஒரு பங்கு லூமன்கூட இல்லாத டார்ச்சுகள் அதைவிடத் தூரம் அடிக்கின்றன. நீ பிடித்துக்கொள்ள வேண்டிய இடம் இதுதான்.

லூமன் என்பது மொத்தத் தண்ணீர். கேண்டெலா, அதாவது ஒரே திசையில் குவிகிற வெளிச்சத்தின் அளவு, ஹோஸ் வாயைக் கட்டைவிரலால் அழுத்தும்போது வருகிற பாய்ச்சல். பெட்டியில் கேண்டெலா எவ்வளவு என்று தேடு. அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீட்டரில் எட்டம் வந்துவிடும். 40,000 கேண்டெலா என்றால் 400 மீட்டர், இரண்டரை லட்சம் என்றால் ஒரு கிலோமீட்டர். டார்ச்சுகளுக்கான ஆன்சி எஃப்.எல்.1 என்ற அளவுமுறை சொல்வது இது. ஆனால் அந்தக் கடைசி முனையில் விழுவது கால் லக்ஸ்தான் (லக்ஸ் என்பது ஓரிடத்தில் விழுகிற வெளிச்சத்தின் அளவு), பௌர்ணமி நிலா வெளிச்சம். அங்கே நிற்பது மாடா காட்டுப்பன்றியா என்று சொல்ல முடியாது. பாதித் தூரத்தில் நாலு மடங்கு வெளிச்சம் விழும், மூன்றில் ஒரு பங்கில் ஒன்பது மடங்கு. ஆகவே எழுதியிருக்கிற எட்டத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் வேலைக்கு உதவும் தூரமாக எடுத்துக்கொள்.

கேண்டெலாவை உண்டாக்குவது இரண்டு விஷயம். எல்.இ.டி.யின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் எவ்வளவு பிரகாசமாக எரிகிறது என்பது ஒன்று, ரிஃப்ளெக்டரின், அதாவது எல்.இ.டி.யைச் சுற்றியிருக்கிற பளபளப்பான கிண்ணத்தின், அகலம் மற்றொன்று. அகலத்தை இரண்டு மடங்காக்கினால் கேண்டெலா நான்கு மடங்கு, எட்டம் இரண்டு மடங்கு. அதனால்தான் தூரத்துக்கு அடிக்கிற டார்ச்சின் தலை சொம்பு மாதிரிப் பருத்திருக்கும், உள்ளே இருக்கிற எல்.இ.டி. மட்டும் எள்ளளவு. பத்து எல்.இ.டி.யை வரிசையாக அடுக்கினால் முற்றம் முழுக்க வெளிச்சம் பரவும், தூரத்துக்குப் போகாது.

வாங்கியதும் வெள்ளைச் சுவரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நின்று அடித்துப் பார். நடுவில் இறுக்கமான ஒரு பொட்டு விழ வேண்டும். நடுவில் கறுத்து வடை மாதிரி ஓட்டை தெரிந்தால் எல்.இ.டி. குவியத்தில் இல்லை. எல்.இ.டி.யைச் சுற்றி ஒரு சின்ன வெள்ளைப் பிளாஸ்டிக் வளையம் இருக்கும். அது அரை மில்லிமீட்டர் தடித்தாலும் நகர்ந்தாலும் இந்தக் கோளாறு வரும். தலையைக் கழற்றி வளையத்தை மாற்றலாம், ஆனால் ரிஃப்ளெக்டரின் உட்புறத்தில் விரல் படக்கூடாது, துணியும் கூடாது. அது ஆவியாகப் படியவைத்த அலுமினியம், துடைத்தால் கோடு விழுந்து போகும். தூசியை ஊதுகுழலால் மட்டும் ஊது. லக்ஸ் மீட்டர் கிடைத்தால் சரியாகப் பத்து மீட்டரில் வைத்து வருகிற எண்ணை 100-ஆல் பெருக்கு, அதுதான் உன் டார்ச்சின் உண்மையான கேண்டெலா.

பழகப் பழக வெளிச்சம் மங்குகிறது என்றால் எல்லாரும் செல்லைத்தான் குறை சொல்கிறார்கள். முதலில் வால்மூடியில் இருக்கிற ஸ்பிரிங்கைப் பார். 10 ஆம்பியர் ஓடும்போது அந்த ஸ்பிரிங்கில் 20 மில்லி ஓம் தடை இருந்தால் 2 வாட் அங்கேயே சூடாகிப் போகும், ஸ்பிரிங் வெந்து தொய்ந்துவிடும். ஸ்பிரிங்கின் அடிக்கும் நுனிக்கும் மெல்லிய செம்புப் பின்னல் கம்பி ஒன்றைச் சால்டர் வைத்தால் போதும். மரையில் கறுப்பு படிந்திருந்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, தண்ணீர் புகாமல் தடுக்கிற ஓ-ரிங் ரப்பர் வளையத்துக்குச் சிலிக்கான் கிரீஸ் தடவு. வாஸ்லின் தடவாதே, சில ரப்பரை அது ஊதவைத்துவிடும்.

நம்ம ஊருக்கு இன்னொன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். கத்திரி வெயிலில் வண்டிக்குள்ளோ மோட்டார் கொட்டகைத் தகரத்தடியிலோ லித்தியம் செல்லை விட்டால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும். பயன்படுத்தாத நாளில் 3.7 வோல்ட் வாக்கில் நிறுத்தி நிழலில் வை. முழுச் சார்ஜ் 4.2, மூன்றுக்குக் கீழே இறக்காதே. பழைய மாதிரி 6 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி வைத்த சர்ச் லைட் இதற்கு நேர் எதிர்: எப்போதும் முழுச் சார்ஜில் இருக்க வேண்டும், காலியாகக் கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து செத்துவிடும். அந்த மலிவு சாமான்கள் பலவற்றில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் ஒரு கெப்பாசிட்டர் வழியாகவே வீட்டுக் கரண்டை இறக்கியிருப்பார்கள். பிளக்கில் மாட்டியிருக்கும்போது திறந்தால் ஷாக் அடிக்கும்.

லேசர் வைத்த எல்.இ.பி. டார்ச் பற்றிக் கேட்டிருந்தாய். நீல லேசர் பாஸ்பர் என்ற ஒளிரும் பூச்சில் விழுந்து வெள்ளையாகத் திரும்புகிறது. ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் பென்சில் கோடு போட்டது போல் போகும். மலையின் மொட்டைப் பாறையில் பட்டால் வெடிப்பும் மடிப்பும் ஒவ்வொன்றாக எழுந்து நிற்கும். இதற்காகவே ஆசைப்பட்டு வாங்குகிறார்கள், அந்த ஆசையில் தவறே இல்லை, அழகான காட்சி அது. ஆனால் பக்கத்தில் சிதறல் வெளிச்சம் கிடையாது. மல்லாட்டைக் கொல்லையில் காலடியில் கண்ணாடி விரியன் கிடந்தால் எல்.இ.பி. காட்டாது. கழனிக்கு 4,000 முதல் 5,000 கெல்வின் நிறத்தில் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்கிற எண், கூடக்கூட நீலம் ஏறும்), அகலமாகப் பரவுகிற 500 லூமன் டார்ச் ஒன்று தனியாக வேண்டும். 6,500 கெல்வின் நீலவெள்ளையில் காய்ந்த சருகும் பாம்பும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். மார்கழிப் பனியில் எந்த டார்ச்சானாலும் முகத்தருகே பிடிக்காமல் இடுப்பளவில் பிடி. இல்லாவிட்டால் பனியில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் உன் கண்ணையே மறைக்கும்.

ஜவ்வாது மலைப் பக்கம் போகும்போது காட்டுக்குள் அடிக்காதே. இரவில் சர்ச் லைட் தெரிந்தால் வனத்துறைக்கு முதலில் வேட்டை நினைப்புதான் வரும். காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது, அந்தப் பக்கம் வானத்தை நோக்கித் திருப்பவே கூடாது. சாலையில் எதிரே வருகிற வண்டிக்காரர் கண்ணில் அடித்தால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பொங்கலுக்கு விமானத்தில் எடுத்து வருவதானால் செல்களைக் கழற்றி, இரண்டு முனையிலும் டேப் ஒட்டி, கைப்பையில் வை. பெட்டியோடு சரக்கில் போடாதே. கழற்ற முடியாத பேக் என்றால் 100 வாட் மணிக்குள் இருக்கிறதா என்று அதன் மேலே பார். கேண்டெலா எண்ணையும் ரிஃப்ளெக்டர் அகலத்தையும் கேட்டு எழுது, சரியாக இருந்தால் வாங்கச் சொல்கிறேன்.

அன்புடன்
நைனா