ஸ்டூடியோ ஐயாவுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள ஐயாவுக்கும், இந்த 3 ஆண்டுகளாக என்னைப் பொறுத்துக்கொண்ட மற்றவர்களுக்கும் வணக்கம்.

பெயரை எழுதக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டீர்கள். அதனால் 'ஐயா' என்றே எழுதுகிறேன். கும்பகோணத்தில் பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டவர்கள் ஆள் யாரென்று கண்டுபிடித்துவிட்டால் அதற்கு நான் பொறுப்பல்ல.

நானும் பாஸ்போர்ட் படத்துக்குத்தான் வந்தேன். மோவாயில் இரண்டு விரலை வைத்து என் முகத்தை இம்மியளவு திருப்பினீர்கள். விளக்கை ஓர் அடி நகர்த்தினீர்கள். எண்ணி இரண்டே படம். கையில் கிடைத்தபோது எனக்கு வெட்கமாகிவிட்டது. கடன் வாங்கி வாங்கிய கேமராவில் ஓராண்டாக ஆயிரக்கணக்கில் எடுத்துத் தள்ளியிருந்தேன். அந்தச் சின்னப் படத்தில் இருந்த உயிர் அவற்றில் ஒன்றிலும் இல்லை. அதற்கு முன் பணம் கட்டிப் போன பயிற்சி வகுப்பு ஒன்றில் எந்தப் பொத்தான் எதற்கு என்பதோடு முடித்துவிட்டார்கள். நண்பர்களோ எதைக் காட்டினாலும் 'அருமை' என்பார்கள்.

கற்றுத்தரக் கேட்டேன். "எடுத்ததில் மோசமானதாகப் பத்து கொண்டு வா தம்பி. நல்லது தற்செயலாகக்கூட வந்திருக்கும்" என்றீர்கள். பத்தைத் தேர்ந்தெடுக்க எனக்கு இரண்டு இரவு பிடித்தது. குறைவாக இருந்ததால் அல்ல.

அந்தப் பத்தில் ஒன்று, தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலின் தெற்குச் சுவரில் உள்ள நடனப் பெண். சித்திரை நண்பகலில் எடுத்தது. உச்சி வெயிலில் முகம் கறுத்துக் கிடக்கவே, ஃபிளாஷ் அடித்திருந்தேன். "இது சிலையா, சுவரொட்டியா?" என்று கேட்டுவிட்டு, மேசை டிராயரிலிருந்து ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தையும் டார்ச்சையும் எடுத்தீர்கள். கடையின் விளக்குகளை அணைத்தீர்கள். நேர் எதிரே டார்ச் அடித்தபோது நாணயம் வெறும் பளபளப்பு. டார்ச்சை மேசையோடு மேசையாகச் சாய்த்ததும் சிங்கங்களின் பிடரி ஒவ்வோர் இழையாக எழுந்து நின்றது. ஒரு வார்த்தை விளக்கம் சொல்லவில்லை. "மார்கழியில் போ" என்றீர்கள், அவ்வளவுதான்.

பொறுமை இல்லாமல் ஆடியிலேயே போனேன். காலையிலிருந்து மாலை வரை காத்திருந்தும் அந்தச் சுவரில் வெயில் படவே இல்லை. வந்து சொன்னபோது நீங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. ஆடியில் சூரியன் வடகிழக்கில் எழுந்து, நம் ஊருக்கு வடக்காகவே கடந்து, வடமேற்கில் இறங்கிவிடுகிறது. தெற்குச் சுவருக்கு அந்த மாதம் முழுவதும் நிழல்தான். பள்ளியில் அயனம் என்று மனப்பாடம் செய்தது, முப்பது வயதுக்கு மேல் ஒரு கோயில் சுவரில்தான் புரிந்தது.

மார்கழியில் சூரியன் தென்கிழக்கில் எழுகிறது. மதிலுக்கு மேலே வந்ததும் வெயில் அந்தச் சுவரைப் பக்கவாட்டில் தடவிக்கொண்டு போயிற்று, உங்கள் டார்ச்சைப் போலவே. கேமராவை நிறுத்தும் முக்காலிக்குத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும் என்பதால் மூச்சை அடக்கிக் கையிலேயே பிடித்து எடுத்தேன். சிலம்பு, இடையாடையின் மடிப்பு, பாதி மூடிய கண் எல்லாம் தெரிந்தன.

அச்சிட்டு ஓடி வந்தேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டீர்கள்: "கால் விரலை ஏன் வெட்டினாய்?"

ஐயா, அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் உங்களைத் திட்டிக்கொண்டே போனேன். அதையும் இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆனால் அன்றிலிருந்து நான்கு ஓரங்களையும் ஒருமுறை சுற்றிப் பார்க்காமல் பொத்தானை அழுத்தியதில்லை.

மற்றவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். எத்தனை மணிக்கு வந்தாலும் டிகிரி காப்பி தந்த உங்கள் வீட்டு அம்மாவுக்கு. தன் 50 மி.மீ. லென்ஸை இரவல் தந்துவிட்டு இரண்டாண்டாகத் திருப்பிக் கேட்காத நண்பனுக்கு. (கேட்டால் தந்துவிடுவேன். கேட்காதே.) படமெடுக்க அனுமதித்து, 'என் மூக்கைச் சின்னதாக எடு' என்று நிபந்தனையும் போட்ட பூக்கடை அக்காவுக்கு. விடுமுறை நாட்களின் விடியற்காலைகளை எனக்கு விட்டுக்கொடுத்த மனைவிக்கு.

வருகிற மார்கழியில் மறுபடி தாராசுரம் போகிறேன். இந்த முறை நீங்களும் வருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். காலை ஐந்தரைக்கு வாசலில் வந்து நிற்பேன். அந்தப் பெண்ணுக்கு அவள் கால் விரல்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாணவன் என்று சொல்லிக்கொள்ள நீங்கள் இன்னும் அனுமதிக்காத தம்பி