கிளை நூலக மாடிக் கூடத்தில் ரோமானியப் படைவீரர்களின் அன்றாட வாழ்க்கைக் கண்காட்சி நடத்த அனுமதி கோரி மனு

அனுப்புநர்:
முன்னாள் ஹவில்தார் (கிளார்க்),
உறுப்பினர், வாசகர் வட்டம்,
கிளை நூலகம்.

பெறுநர்:
மாவட்ட நூலக அலுவலர் அவர்கள்,
மாவட்ட மைய நூலகம்.

பொருள்: தேசிய நூலக வாரத்தை ஒட்டி நவம்பர் 14 முதல் 20 வரை மாடிக் கூடத்தில் கண்காட்சி நடத்த அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். நான் ராணுவத்தில் 17 வருடம் கிளார்க்காக இருந்தவன். துப்பாக்கி பிடித்த நாளைவிடப் பேனா பிடித்த நாள்தான் அதிகம். தினமும் காலையில் பரேட் ஸ்டேட் தயார் செய்வது என் வேலை. மொத்தம் எத்தனை பேர், அதில் லீவில் எத்தனை, வேறு இடத்து டியூட்டியில் எத்தனை, சிக் ரிப்போர்ட்டில் எத்தனை என்று கழித்துக்கொண்டே வந்து, கடைசியில் இன்றைக்குக் கைவசம் இத்தனை பேர் என்று எழுதிக் கையெழுத்துக்கு வைக்க வேண்டும். கூட்டல் ஒன்று தப்பினாலும் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

போன வருடம் எங்கள் வாசகர் வட்டத்துக் கல்லூரிப் பெண் ஒருத்தி போனில் ஒரு படம் காட்டினாள். இங்கிலாந்தின் வடகோடியில் விண்டோலாண்டா என்ற ரோமானியப் படைமுகாம். 1973 முதல் அங்கே மண்ணுக்கடியிலிருந்து மெல்லிய மரத்தகடுகள் கிடைத்து வருகின்றன. போஸ்ட் கார்டு அளவு, ஓரிரு மில்லிமீட்டர் கனம், மேலே மசியால் எழுத்து. காற்றுப் புகாத ஈரமண்ணில் கிடந்ததால் 1,900 வருடமாக மக்காமல் இருந்திருக்கின்றன. அவள் காட்டிய தகடு என்ன தெரியுமா அம்மா? பரேட் ஸ்டேட்!

மே 18-ஆம் தேதியிட்டது, ஏறக்குறைய கி.பி. 90-ஐ ஒட்டியது. துங்கிரியர் முதலாம் படைப்பிரிவு, தளபதி யூலியஸ் வெரகுண்டஸ். மொத்தம் 752 பேர். வெளியில் இருப்பவர்கள் 456. அதில் 337 பேர் பக்கத்து முகாமான கோரியாவில், 46 பேர் ஆளுநரின் மெய்க்காவலில், 11 பேர் சம்பளம் வாங்கி வரப் போயிருக்கிறார்கள், மற்றவர்கள் வேறு வேறு இடங்களில். மீதி 296. அதில் உடம்பு சரியில்லாதவர்கள் 15, காயம்பட்டவர்கள் 6, கண்நோய் 10. ஆக 31 போக, வேலைக்குத் தகுதியானவர்கள் 265. பேப்பரை எடுத்துக் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். கணக்கு சரி. அந்தக் கண்நோய் பத்துப் பேரைப் பார்த்ததும் எங்கள் பாரக்கில் ஒருவனுக்கு மெட்ராஸ் ஐ வந்து வாரம் முழுக்க வரிசையாக எல்லாரும் கண் சிவந்து நின்றது ஞாபகம் வந்துவிட்டது.

அன்றிலிருந்து ஒரு வருடமாக இதே வேலைதான். பன்னிரண்டு பெரிய சார்ட்டுகள் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். அவற்றை மாட்டத்தான் இடம் கேட்கிறேன்.

நம் நூலகத்துக்குக் குரூப் 2, குரூப் 4 படிக்க வரும் பிள்ளைகளிடம் கேட்டால் ஜூலியஸ் சீசரைச் சொல்வார்கள், கார்த்தேஜ் போரைச் சொல்வார்கள், வருடத்தோடு சொல்வார்கள். அந்தப் படையில் இருந்தவன் என்ன சாப்பிட்டான், காலில் என்ன போட்டான், சம்பளத்தில் எவ்வளவு பிடித்தார்கள் என்று கேட்டால் பேச்சே இல்லை. ரோமானியப் படை என்றால் அத்தனை பேரும் ரோமிலிருந்து வந்தவர்கள் என்று நானும்தான் நினைத்திருந்தேன். விண்டோலாண்டாவில் இருந்த துங்கிரியர்கள் இன்றைய பெல்ஜியத்துப் பக்கத்து ஆட்கள். படாவியர்கள் ரைன் ஆற்று முகத்துவாரத்துக்காரர்கள். வேலூர்ப் பையனை லடாக்கில் போஸ்டிங் போடுவது மாதிரி. இப்படிப்பட்ட துணைப்படையில் 25 வருடம் சேவை முடித்தால்தான் ரோமானியக் குடியுரிமை கிடைக்கும்.

சார்ட்டுகளில் இருப்பதில் சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று சம்பளச் சீட்டு. இது பிரிட்டனில் கிடைத்தது இல்லை. எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் (நாணல் தாள்), இப்போது ஜெனீவாவில் இருக்கிறது. கி.பி. 81-ல் குவிண்டஸ் யூலியஸ் புரோகுலஸ் என்ற வீரனின் முதல் தவணைச் சம்பளம் 248 திராக்மா (அங்கே புழங்கிய நாணயம்). பிடித்தம்: வைக்கோல் 10, சாப்பாடு 80, பூட்ஸும் வார்களும் 12, முகாமில் சாட்டர்னேலியா விழாவுக்கு 20, துணி 60. ஆக 182. மிச்சம் 66, பழைய இருப்பு 136-உடன் சேர்த்து 202 என்று அவன் கணக்கில் வரவு வைத்திருக்கிறார்கள். விழாவுக்கு இருபது பிடித்ததைத்தான் நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் காலத்திலும் சம்பளத்தன்று ஏதாவது ஒரு விழா வந்து நிற்கும்.

இன்னொன்று கடிதங்கள். "உனக்குக் காலுறைகள், இரண்டு ஜோடிச் செருப்பு, இரண்டு உள்ளாடை அனுப்பியிருக்கிறேன்" என்று பெயர் தெரியாத யாரோ ஒரு வீரனுக்கு எழுதியிருக்கிறார்கள். மாஸ்கிளஸ் என்ற குதிரைப்படைச் சிற்றதிகாரி, நாளை என்ன செய்ய வேண்டும் என்று படாவியர் படைப்பிரிவின் தளபதி செரியாலிஸிடம் பணிவாகக் கேட்டுவிட்டு, முடிவில் "ஆட்களுக்கு பீர் இல்லை, அனுப்பச் சொல்லுங்கள்" என்கிறான். லீவு விண்ணப்பங்களும் நிறைய. எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: "என்னை லீவு பெறத் தகுதியானவனாகக் கருத வேண்டுகிறேன்." நான் எழுதிக்கொடுத்த விண்ணப்பங்களும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தன.

பிரிட்டானியர்களின் சண்டை முறையைப் பற்றிய ஒரு குறிப்பில் அவர்களைப் "பிரிட்டுங்குலி", அதாவது அற்பப் பிரிட்டானியர்கள் என்று எழுதியிருக்கிறது. நம்மை ஆண்டவர்களின் ஊர்க்காரர்களுக்கும் ஒரு காலத்தில் இந்தப் பேச்சுதான் கிடைத்தது. பிள்ளைகள் ரசிப்பார்கள் என்று அதைத் தனிச் சார்ட்டாகவே எழுதிவிட்டேன்.

பெண்கள் சம்பந்தப்பட்டதும் உண்டு. செப்டம்பர் 11 அன்று தன் பிறந்தநாளுக்குக் கட்டாயம் வர வேண்டும் என்று கிளாடியா செவேரா, செரியாலிஸின் மனைவி லெபிடினாவுக்கு எழுதிய அழைப்பு. கடிதத்தை எழுத்தர் எழுதியிருக்கிறார்; கடைசிச் சில வரிகளை மட்டும் அவளே கோணல் எழுத்தில் எழுதி, சகோதரி, என் உயிரே என்று கூப்பிடுகிறாள். ஒரு பெண் தன் கையால் எழுதிய லத்தீனில் நமக்குக் கிடைத்த மிகப் பழையவற்றில் இது ஒன்று.

அப்புறம் மிளகு. முகாமில் யார் என்ன வாங்கினார்கள் என்ற பட்டியலில் டாப்போவின் மகன் காம்பக்ஸ் என்ற சாதாரண வீரன் பெயருக்கு எதிரே மிளகு, இரண்டு தெனாரியஸ் (ரோமானிய வெள்ளிக்காசு) என்றிருக்கிறது. ரோமானியப் பேரரசுக்கு மிளகு போனது நம் மேற்குக் கடற்கரையிலிருந்துதான். சேரரின் முசிறியில் கப்பலேறி, செங்கடல் துறைமுகத்தில் இறங்கி, ஒட்டகத்தில் பாலைவனம் கடந்து, நைல் வழியாக அலெக்சாண்டிரியா போய், அங்கிருந்து ரோமப் பேரரசு முழுக்கப் பரவியது. யவனர் கலம் பொன்னோடு வந்து கறியோடு, அதாவது மிளகோடு, திரும்பியதாக அகநானூறு சொல்வதை நம் பிள்ளைகள் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். அந்தக் கறி கடைசியில் யார் கஞ்சியில் விழுந்தது என்பதற்கு ஒரு பெயராவது அவர்களுக்குத் தெரியட்டும். மேசையில் ஒரு கிண்ணம் மிளகும் வைக்கப் போகிறேன்.

தகடு எப்படியிருக்கும் என்று காட்ட, பிளைவுட் கடையில் வெனீர் என்ற மெல்லிய மரத்தாள் வாங்கி, விளக்குக் கரியும் பிசினும் குழைத்து மசி செய்து நானே எழுதிப் பார்த்தேன். முதல் மூன்றும் வீண். ரேகைக்குக் குறுக்கே எழுதினால் மசி பிரிகிறது. ரேகையோடு போனால் வழுக்கிக்கொண்டு போகிறது. நடுவில் மடித்து வெளிப்பக்கத்தில் முகவரி எழுதுவார்களாம். என் வெனீர் மடித்ததும் ஒடிந்துவிட்டது. அதையும் கண்காட்சியில் வைப்பேன்.

கிளை அளவில் இரண்டு முறை கேட்டேன். முதல் முறை, "ரோம் நமக்கு எதுக்கு சார்?" என்றார்கள். இரண்டாம் முறை, மேலே எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். எனக்கு வருத்தமில்லை, கிளார்க்காக இருந்தவனுக்கு இது பழக்கம். இதிலும் விண்டோலாண்டாவில் எனக்கு ஒரு முன்னோடி இருக்கிறான். வெளிநாட்டிலிருந்து வந்த வியாபாரி. படையினர் தடியால் ரத்தம் வர அடித்துவிட்டார்கள். தளபதிக்கு உடம்பு சரியில்லை என்பதால் அவரைப் பார்க்க முடியவில்லை, நூற்றுவர் தலைவர்களிடம் சொல்லியும் பயனில்லை என்று மேலிடத்துக்கு மனு எழுதியிருக்கிறான். ஒரு பழைய கணக்குத் தகட்டின் பின்பக்கத்தில்! பதில் வந்ததா என்பது எந்தத் தகட்டிலும் இல்லை. என்னை யாரும் அடிக்கவில்லை என்பதால் என் கோரிக்கையும் சிறியதுதான்.

மாடிக் கூடத்தின் சாவி, சார்ட் மாட்டும் இரண்டு நாளையும் சேர்த்து ஒன்பது நாளைக்கு வேண்டும். அங்கே குவிந்திருக்கும் உடைந்த நாற்காலிகளை வாசகர் வட்டத்துப் பையன்கள் ஓரம் கட்டிவிட்டு, முடிந்ததும் இருந்த இடத்திலேயே வைத்துவிடுவார்கள். சுவரில் ஆணி அடிக்க மாட்டோம். கயிறு கட்டிக் கிளிப்பில் மாட்டுவோம். இரண்டு டியூப்லைட் எரியவில்லை, அதை மட்டும் அலுவலகம் மாற்றித் தந்தால் போதும். பணம் எதுவும் கேட்கவில்லை. நூலகம் திறந்திருக்கும் நேரம் முழுக்க நானே அங்கே உட்கார்ந்திருப்பேன்.

சார்ட் மாட்டி முடிக்க இரண்டு நாள் பிடிக்கும் என்பதால், நவம்பர் 10-க்குள் உத்தரவு கிடைத்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இணைப்பு:
1. சார்ட்டுகளின் வாசக நகல், 12 பக்கம்.
2. வெனீர் மாதிரி ஒன்று (காலுறைக் கடிதம், தமிழில்). தண்ணீர் பட்டால் மசி கரையும். மேசையில் டீ டம்ளருக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம் என்று அலுவலக உதவியாளரிடம் சொல்ல வேண்டுகிறேன்.