சட்டம் படிச்சா நொத்தாரிசு மட்டும்தானோ?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயிறு ஏ எல் முடிச்ச பிள்ளையளுக்கு எண்டு உங்கட பேப்பரில போட்ட பக்கத்தில, சட்டம் படிச்சா லோயர், நீதவான், நொத்தாரிசு எண்டு மூண்டு வேலையை எழுதிப்போட்டு விட்டிட்டீங்கள். என்ர மகள் கம்பஸில சட்டம் ரெண்டாம் வருசம். அதைப் பாத்திட்டு "கடைசியில காணி உறுதிதான் எழுதப்போறன் அப்பா" எண்டு சிரிக்கிறாள்.

சட்டத்தோட சீனாவையும் அந்தப் பாஷையையும் படிச்சா வேற வழியும் இருக்கு ஐயா. ஹாவார்ட் பேராசிரியர் வில்லியம் அல்ஃபோர்டைப் பற்றி எனக்குச் சொன்னதும் அவள்தான். அந்தாள் சட்டமும் படிச்சு சீனாவைப் பற்றியும் முறையாப் படிச்சு, ரெண்டையும் சேத்தே தன்ர வாழ்நாள் வேலையாக்கினவர். கடதாசியும் அச்சும் கண்டுபிடிச்ச சனம் ஏன் பதிப்புரிமைச் சட்டம் ஒண்டு செய்யேல்ல எண்டு கேட்டு 1995ல ஒரு புத்தகம் போட்டார். அரசர் காலத்தில அச்சுக்குக் கட்டுப்பாடு இருந்ததாம், ஆனா அது எழுதினவனைக் காப்பாத்த இல்லையாம், அரசாங்கத்துக்குப் பிடிக்காதது வெளியில வராமல் பாக்கத்தானாம். பேந்து வெள்ளைக்காரர் வெருட்டிச் செய்விச்ச சட்டங்கள் வேர் பிடிக்கேல்ல எண்டும் சொல்லுறார். சட்டப் புத்தகத்தை மட்டும் பாடமாக்கின ஆளால இதை எழுத ஏலுமோ?

பாஷை தெரியாட்டி என்ன வரும் எண்டதுக்கு மகள் சொன்ன இன்னொரு கதை. கூடைப்பந்து மைக்கல் ஜோர்டனைச் சீனச் சனம் "ச்சியாவ்தான்" எண்டு சொல்லுமாம், அந்தப் பேரை ஒரு சீன விளையாட்டுச் சாமான் கம்பனி ட்ரேட் மார்க்காப் பதிஞ்சு வச்சிருந்தது. ஜோர்டன் வழக்குப் போட்டுக் கீழ் நீதிமன்றங்களில தோத்துத் தோத்து, 2016 டிசம்பர்லதான் சீன உயர் நீதிமன்றம் சீன எழுத்தில இருக்கிற பேர் அவருக்குத்தான் சொந்தம் எண்டது, அதே சீனப் பேரை இங்கிலிஷ் எழுத்தில எழுதினா அதுக்கு உரிமை இல்லை எண்டும் சொல்லிப்போட்டுது! சீனம் தெரியாத லோயர் இந்த வழக்கில என்னத்தைக் கதைக்கிறது.

சீனா உலக வர்த்தக அமைப்பில சேந்தது 2001ல, 2007லயே அமெரிக்கா அங்க அதுக்கு எதிரா இந்தப் புலமைச் சொத்துப் பிரச்சினையை (பதிப்புரிமை, ட்ரேட் மார்க் மாதிரி உரிமையள்) கொண்டு போட்டுது, 2014ல பெய்ஜிங், ஷங்ஹாய், குவாங்சோவில இதுக்கெண்டே தனி நீதிமன்றம் திறந்தாச்சு. இவ்வளவு வேலை கிடக்கு, நாங்கள் இன்னும் உறுதிக்கட்டைத் தூக்கிக்கொண்டு.

உங்களுக்கு என்ன வந்தது எண்டு கேப்பீங்கள். என்ர மச்சான் சுன்னாகத்தில பதினொரு வருசமா ஒரு பேரில ஒடியல் மா பக்கெற் போட்டு வித்தவர், பதியோணும் எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல, வேற ஆக்கள் அதே பேரைக் கொழும்பில பதிஞ்சுபோட்டு இவருக்கே கடிதம் அனுப்பிச்சினம். இஞ்ச ஒரு லோயரிட்டப் போனா "உது எங்கட லைன் இல்லை, கொழும்பில ஆரையும் பாருங்கோ" எண்டார். நாட்டில 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்குத்தான், அதை எடுத்துப் பாக்க எங்கட பக்கம் ஆள் இல்லை போல. சிலோன் கறுவாவுக்கு 2022ல ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீடு (அந்த இடத்துச் சாமானுக்கு மட்டும்தான் அந்தப் பேர் எண்ட உரிமை) குடுத்தது, எங்கட பனங்கட்டிக்கு அப்பிடி ஒண்டு கேட்டு எழுத ஆர் இருக்கினம்?

சீனாக்காரன் எண்டால் எங்கட சனத்துக்குப் பயம் இருக்கு, அது நியாயமான பயம் எண்டுதான் நானும் நினைக்கிறன். நாங்கள் பயப்பிடுற அந்த ஆளின்ர ஒப்பந்தத்தை அவன்ர பாஷையில வாசிக்க எங்களில பத்துப் பேராவது வேணுமோ இல்லையோ? கம்பஸில சட்டப் பிள்ளையளுக்குச் சீனம் பின்னேர வகுப்பாவது வைக்கச் சொல்லி ஒருக்கா எழுதுங்கோ ஐயா.

மகள் இப்ப யூரியூப்பில தானாப் படிக்கிறாள். "மா" எண்ட ஒரு சொல்லை நாலு ராகத்தில சொன்னா நாலு கருத்தாம். குசினிக்குள்ள இருந்து அம்மம்மா கேக்கிறா, கோதம்பை மாவோ, ஒடியல் மாவோ எண்டு.

இப்படிக்கு,
ஒரு தகப்பன்,
கோண்டாவில்.