எண்ணூர்ச் சேற்றையும் சோதியுங்கள்

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலும் நீர்வளத் துறையிலும் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

எண்ணூர்க் கழிமுகத்தில் இறால் தடவும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். பறி என்ற கூடையை வாயில் கவ்விக்கொண்டு, கழுத்தளவு நீரில் தவழ்ந்தபடி இரு கைகளாலும் அடிச்சேற்றைத் துழாவுகிறார்கள். அவர்கள் பிழைப்பே அந்தச் சேற்றில் இருப்பதால்தான், அதில் படியும் ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்களைப் பற்றி இந்த மடல்.

நான் வேதியியல் கற்பிப்பவன். 'தண்ணீரில் ஈயம் வரம்புக்குள்' என்று எங்கே படித்தாலும் என் மனம் ஆறுவதில்லை. ஈயம் தண்ணீரில் நெடுநேரம் தங்காது. களிமண் துகள், இரும்பு ஆக்சைடு, மட்கிய இலைதழை என்று கிடைத்ததில் ஒட்டிக்கொண்டு அடியில் படிந்துவிடும். ஒரு லிட்டர் நீரில் ஒரு மைக்ரோகிராம் கரைந்திருக்கும் இடத்தில், ஒரு கிலோ சேற்றில் பல்லாயிரம் மைக்ரோகிராம் இருப்பது சாதாரணம். குடிநீருக்கு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் என்று இந்தியத் தரநிலை வரம்பு வகுத்திருக்கிறது. சேற்றுக்கோ, நம் ஆய்வாளர்கள் கனடா, அமெரிக்க அளவுகளைக் கடன் வாங்கித்தான் ஒப்பிடுகிறார்கள்.

காட்மியத்தின் குணம் வேறு. ஓதம், அதாவது கடல்நீர் மட்டம், ஏறி உப்புநீர் உள்ளே வரும்போது, அதிலுள்ள குளோரைடு காட்மியத்தைத் துகளிலிருந்து பிரித்து மறுபடி நீரில் கரைத்துவிடும். ஒரே இடத்தில் காலையில் எடுத்த மாதிரியும் மாலையில் எடுத்த மாதிரியும் ஒத்துப்போகாமல் போகலாம்.

எனக்குப் பெரிய அச்சம் தூர்வாருவதைப் பற்றியது. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து மேடான கழிமுகத்தை ஆழப்படுத்தத்தான் வேண்டும். மீனவர்கள் அதைக் கேட்பதில் முழு நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு சாண் ஆழம் கிளறிப் பாருங்கள். அழுகிய முட்டை நாற்றத்தோடு கறுப்புச் சேறு வரும். அது சல்ஃபைடின் நாற்றம். காற்றுப் படாத ஆழத்தில் உலோகங்களைக் கட்டிப்போட்டிருப்பது அந்தச் சல்ஃபைடுதான். பொக்லைன் அள்ளிக் கரையில் கொட்டினால், ஆக்சிஜன் பட்டுக் கட்டு அவிழும். அடுத்த மழை மிச்ச வேலையைச் செய்யும்.

ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் பாதரசச் சேற்றை அகற்றி முடிக்க 1977 முதல் 1990 வரை ஆனது. ஏறத்தாழ 15 லட்சம் கனமீட்டர் சேறு. அதை வெளியே சிதறவிடாமல் தடுப்புக்குள் அடைத்து, மேலே மூடி, 58 ஹெக்டேர் நிலமாக்கினார்கள். அவ்வளவு பொறுமை நமக்கும் வேண்டும்.

ஆகவே, தூர்வாரும் முன் சேற்றை ஆழவாரியாக எடுத்துச் சோதியுங்கள். மணலோடு கலந்து சராசரி காட்டாமல், நுண்துகளைத் தனியே சலித்து அளந்து பாருங்கள். ஓதம் ஏறும்போதும் வற்றும்போதும் நீர் மாதிரி எடுங்கள். அள்ளிய சேறு எங்கே போகிறது என்பதையும் சோதனை முடிவுகளையும் தமிழில் எழுதி, ஒவ்வொரு குப்பத்தின் ஏலக்கூடத்திலும் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வேதியியல் ஆசிரியர்