ஞாயிறு சீட்டாட்டப் போட்டிக்கு வருகிறவர்களுக்கு

அனைவருக்கும் ஸ்தோத்திரம். ஞாயிறு ஆராதனை முடிந்து ஏழு பேர் போக்கர் போட்டிக்குக் கிளம்புகிறோம். முத்தியால்பேட்டையில் அதே மாடி. பந்தயம் வைக்கச் சில்லுகள் மட்டும்தான், யாராவது காசு வைத்தால் எழுந்து வந்துவிடுவோம்.

போன முறை ஒரு தம்பி கையிலிருந்த சில்லு மொத்தத்தையும் தள்ளி, கடைசிச் சீட்டில் தோற்றான். அந்த நேரம் பார்த்து நம் ஆள் ஒருவர் நற்செய்திக் கைப்பிரதியை நீட்ட, அது கவிழ்த்து வைத்த சீட்டுகள் மேல் விழுந்தது. சீட்டுப் பிரிக்கிறவர் அதை இரண்டு விரலால் எடுத்து ஓரமாக வைத்தார். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சரி, மறைப்பானேன், அந்த ஆள் நான்தான்.

ஆகவே ஆட்டம் ஓடும்போது ஊழியம் வேண்டாம். டீ நேரத்தில் பேசலாம், அதுவும் அங்கே ஆட வருகிறவர்கள் கேட்டால். கேட்கத்தான் செய்கிறார்கள். "சிலுவையடியில் சிப்பாய்கள் இயேசுவின் அங்கிக்குச் சீட்டுப் போட்டார்களே, நீங்கள் ஆடலாமா?" என்றார் ஒருவர். யோவான் 19ஐ நம்மைவிட நன்றாகப் படித்திருக்கிறார்!

ப்ளஃப், அதாவது நல்ல சீட்டு இருப்பதுபோல் காட்டிப் பந்தயம் ஏற்றுவது, பொய்யா என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்த விதி, அதனால் என் கணக்கில் பொய் இல்லை. ஆட்டம் முடிந்தபின் "என்னிடம் ராஜா ஜோடி இருந்தது" என்று அளப்பதுதான் பொய்.

அப்புறம், ஆன்லைன் சீட்டாட்ட லிங்க் எதுவும் இங்கே போடாதீர்கள். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025இல் வந்த மத்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது. சீட்டாட்டத்தில் நகையை இழந்தவர்களும் இந்தக் குழுவில் இருக்கிறார்கள். அவர்களைப் போட்டிக்கு வற்புறுத்த வேண்டாம்.

வண்டி இல்லாதவர்கள் 3 மணிக்கு அஜந்தா சிக்னல் அருகே நில்லுங்கள்.